துரோகி யார்? ரோமாபுரி முதல் நம் ரப்பர் காடு வரை



அண்மையில் சிரம்பானில் நம் தொலைக்காட்சி அரங்கத்துக்கான ஒளிப்பதிவு நடந்தது. ரோமாபுரித் தலைவர்களின் கதைதான் அன்றையத் தலைப்பு. விசுவாசம், துரோகம், பதவி ஆசை ஆகிய மூன்றும் ஒரு தலைவனை எப்படி ஏற்றிவிடுகின்றன, எப்படிக் கவிழ்த்துவிடுகின்றன என்று ஷேக்ஸ்பியர் நாடகத்தையும் வரலாற்றையும் வைத்துக்கொண்டு பேசினோம். விளம்பரம் போக நமக்குக் கிடைப்பது இருபத்திரண்டு நிமிடம். அதற்குள் சீசரைக் கொன்று, எரியூட்டி, கொன்றவர்களையும் பழிதீர்த்து முடிக்க வேண்டும். அதனால்தான் அங்கே பேசியதைச் சற்று விரித்து இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நிகழ்ச்சி முடியும் நேரத்தில் ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி கை தூக்கினார். ஒலிவாங்கியைக் கொடுத்தோம். "ஏம்மா, குத்துனவன் துரோகி, குத்துப்பட்டவன் பாவம்னு இவ்வளவு நேரம் பேசுறீங்க. குத்துப்பட்டவரு அந்த ஊரு ஏழைபாழைக்கு என்ன செஞ்சாரு? குத்துனவரு என்ன செஞ்சாரு? அதச் சொல்லலயே?" என்று கேட்டார். மண்டபம் கைதட்டியது. நான் சிரித்துச் சமாளித்து, நன்றி வணக்கம் சொல்லி முடித்துவிட்டேன். ஒளிபரப்பில் அந்தக் கேள்வி வரவில்லை. நேரம் போதாது என்று வெட்டச் சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நம்பி வந்தவரும் நம்ப வைத்தவரும்

முதலில் கதை. சீசர் என்றதும் நம்மில் பலருக்குச் சிவாஜி கணேசன்தான் நினைவுக்கு வருவார். 1970இல் வந்த 'சொர்க்கம்' படத்தில் நாடகக் காட்சியில் சீசராக நடந்து வருவாரே, அந்த நடை! தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் போட்ட காலத்தில் ரோமாபுரி நம் லயத்து வாசலுக்கே வந்துவிட்டது.

கி.மு. 44 மார்ச் 15. ரோமின் ஒரே பெருந்தலைவராக, ஆயுளுக்கும் சர்வாதிகாரியாக அறிவிக்கப்பட்டிருந்த ஜூலியஸ் சீசர், பாம்ப்பே கட்டிய அரங்கத்தை ஒட்டிய மண்டபத்தில் செனட் சபைக் கூட்டத்துக்கு வருகிறார். அறுபது பேர் வரை அந்தச் சதியில் சேர்ந்திருந்தார்கள். அவர் உடலில் விழுந்தவை இருபத்து மூன்று குத்துகள். காயங்களைப் பார்த்த மருத்துவர், உயிரைக் குடித்தது அவற்றில் ஒன்றுதான் என்று சொன்னதாக வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். புரூட்டஸைப் பார்த்துச் சீசர் சொன்னதாக உலகமே சொல்லும் அந்தக் கடைசி வசனம் இருக்கிறதே, அதை லத்தீனில் ஊரறியச் செய்தது நாடக மேடை. சுவெட்டோனியஸ் கணக்குப்படி, சீசர் ஒரு முனகலோடு சரி. ஆடையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். கிரேக்க மொழியில் ஏதோ சொன்னார் என்று சிலர் கூறுவதாகவும் அவரே சேர்த்துக்கொள்கிறார்.

மார்க்கஸ் புரூட்டஸ் யார்? நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, கி.மு. 48இல், சீசருக்கு எதிராகப் பாம்ப்பேயின் பக்கம் நின்று போரிட்டவர். தோற்றபின் சீசர் அவரை மன்னித்தார். மன்னித்ததோடு நில்லாமல் ஒரு மாநிலத்தின் ஆளுநராக்கினார், ரோமில் உயர்பதவியும் கொடுத்தார். அப்படிப்பட்டவர் கத்தி எடுத்தால் நமக்குப் பதறத்தான் செய்யும். "உண்ட வீட்டுக்கு இரண்டகம்" என்று நம் ஊரில் சொல்லிவிடுவோம்.

ஆனால் நாடகம் மறைத்த ஆள் ஒருவர் உண்டு. அவர் பெயரும் புரூட்டஸ்தான், டெசிமஸ் புரூட்டஸ். கால் நாட்டுப் போர்களில் சீசரின் கப்பல் படையை நடத்தியவர். உயிலில் இரண்டாம் நிலை வாரிசாகச் சீசர் எழுதிவைத்த பெயர்களில் அவருடையதும் ஒன்று. அன்று காலையில் மனைவி கண்ட கெட்ட கனவால் சீசர் வீட்டிலேயே இருந்துவிட நினைத்தார். வீட்டுக்குப் போய், நயமாகப் பேசி, கையைப் பிடித்து அழைத்து வந்தவர் இந்த டெசிமஸ்தான். ஷேக்ஸ்பியர் அவருக்குச் சிறு வேடம் கொடுத்து, பெயரையும் டெசியஸ் என்று மாற்றிவிட்டார். என் கணக்கில் அந்தக் கூட்டத்தில் சுத்தமான துரோகி இவர்தான். மார்க்கஸ் புரூட்டஸுக்காவது, 'மன்னராட்சி வரக்கூடாது' என்று ஒரு கொள்கை இருந்தது.

இந்த இடத்தில் அரங்கில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நமக்குப் பழக்கமான உதாரணத்தைக் கொண்டுவந்தார். கும்பகர்ணனா, வீடணனா? அண்ணன் தவறு செய்கிறான் என்று தெரிந்தும், சாப்பிட்ட சோற்றுக்காக உயிரைக் கொடுத்தவன் ஒருவன். தவறு என்று தெரிந்ததும் எதிர்ப்பக்கம் போனவன் ஒருவன். பட்டிமன்றங்களில் எத்தனை ஆண்டாக இதைப் பேசுகிறோம், தீர்ப்பு இன்னும் முடியவில்லை! மலாய் நண்பர்களுக்கும் இதே வழக்கு உண்டு. சுல்தானுக்கு விசுவாசமாக நின்ற ஹங் துவா, அவருக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காகச் சுல்தானையே எதிர்த்த ஹங் ஜெபாட். 1961இல் எழுத்தாளர் உஸ்மான் அவாங் ஜெபாட்டை வீரனாக்கி நாடகம் எழுதினார். துரோகத்துக்கு மலாயில் 'டெர்ஹாகா' என்கிறார்கள். நம் 'துரோகம்' வந்த அதே வடமொழி வேர்தான். சொல்லும் ஒன்று, சண்டையும் ஒன்று.

இப்போது பாட்டியின் கேள்வியை வைத்துப் புரூட்டஸைப் பாருங்கள். நாடகத்தில் அவர் மாசற்ற மனிதர். வரலாற்றில் அவருக்கு ஒரு வட்டிக் கணக்கு இருக்கிறது. சைப்ரஸ் தீவில் சலாமிஸ் என்ற ஊருக்கு அவர் தம் ஆட்கள் மூலம் கடன் கொடுத்தார். வட்டி நூற்றுக்கு நாற்பத்தெட்டு! கடனை வசூலிக்கப் போன ஆள் குதிரைப்படையைக் கொண்டு ஊர் மன்றத்தைச் சூழ்ந்துகொள்ள, உள்ளே அகப்பட்ட மன்ற உறுப்பினர்களில் ஐந்து பேர் பட்டினியால் செத்தார்கள். இது எதிரிகள் கட்டிய கதை அல்ல. அந்தப் பகுதிக்கு ஆளுநராகப் போன சிசரோ தம் நண்பருக்கு எழுதிய கடிதங்களில் இருக்கிறது. நம் ஊர் ஆலோங்குகள் கூட வாசலில் சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள். சுதந்திரத்துக்காகக் கத்தி எடுத்த உத்தமர் குதிரைப்படை அனுப்பினார்.

ஓர் உயிலும் மறுநாள் கணக்கும்

சீசர் ஏழைகளுக்கு என்ன செய்தார்? உயிலில் ரோம் நகரக் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் முந்நூறு செஸ்டர்ஸ் காசு எழுதிவைத்தார். டைபர் நதிக்கு அப்பால் இருந்த தம் தோட்டங்களை மக்களுக்குப் பொதுவாக்கினார். மார்க் ஆண்டனி பிணத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேசிய பேச்சும் இந்த உயிலும் சேர்ந்துதான் ஊரைக் கொதிக்க வைத்தன. மேடைப் பேச்சு பழகும் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்வது, ஷேக்ஸ்பியர் 1599 வாக்கில் எழுதிய அந்த ஆண்டனி உரையைப் படியுங்கள் என்றுதான். கொன்றவர்களை ஒரு வார்த்தை நேராகத் திட்டாமலே ஊரைத் திருப்பிவிடுவான்.

ஆனால் அதற்கு அடுத்த அங்கம் முதல் காட்சியை யாரும் மேடையில் நினைவு வைத்துக்கொள்வதில்லை. மிகச் சிறிய காட்சி. ஆண்டனி, ஆக்டேவியன், லெப்பிடஸ் மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, சாக வேண்டியவர்களின் பட்டியலைச் சரிபார்க்கிறார்கள். உன் அண்ணன் சாகட்டும், சரி. அப்படியானால் உன் சகோதரி மகன் சாகட்டும், சரி. சந்தையில் மீன் பேரம் போல நடக்கிறது. பிறகு ஆண்டனி, அந்த உயிலை எடுத்து வரச் சொல்கிறான். எதற்கு? மக்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகையில் எதைக் குறைக்கலாம் என்று பார்க்க! நேற்று எந்த உயிலைத் தூக்கிக் காட்டி ஊரை அழ வைத்தானோ, அதே உயில். சீசர் என்ற மனிதனுக்கு ஆண்டனி விசுவாசி என்பதில் சந்தேகமில்லை. சீசர் யாருக்கு வாக்குக் கொடுத்தாரோ அவர்களுக்கு அவன் யார்?

வரலாற்றில் நடந்தது இன்னும் சுவையானது. சீசரின் பணத்தை ஆண்டனி பிடித்து வைத்துக்கொண்டு இழுத்தடித்தார். பத்தொன்பது வயதுகூட நிரம்பாத வாரிசு ஆக்டேவியன் வந்து, தன் சொந்தச் சொத்துகளை விற்று மக்களுக்குரிய காசைக் கொடுக்கத் தொடங்கினான். ஊர் அவன் பக்கம் வந்துவிட்டது. அது நன்றியா, ஆசையா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். மறு ஆண்டே, தன்னைத் தூக்கி நிறுத்திய முதியவர் சிசரோவின் பெயரைக் கொலைப் பட்டியலில் எழுத அவன் சம்மதித்தான். கி.மு. 43 டிசம்பர் 7இல் சிசரோ வெட்டப்பட்டார்.

நிலம் கேட்ட அண்ணன் தம்பி

பாட்டிக்குச் சொல்ல வேண்டிய ரோமாபுரிக் கதை உண்மையில் இதற்கு 90 ஆண்டு முந்தியது. நம்மைப் போன்ற தோட்டப்புறத்தாருக்கு நெருக்கமானதும் அதுதான்.

ரோமில் பெரிய பெரிய தோட்டங்கள் உருவாகியிருந்தன. பொது நிலத்தைச் செல்வர்கள் வளைத்துப்போட்டு அடிமைகளை வைத்து வேலை வாங்கினார்கள். போருக்குப் போய்வந்த குடியானவனுக்குத் திரும்பி வரும்போது நிலம் இல்லை. இப்படி இருக்கும்போது கி.மு. 133இல் டைபீரியஸ் கிராக்கஸ் என்ற இளைஞர் 'டிரிபியூன்' ஆனார். டிரிபியூன் என்றால் எளிய மக்களுக்காகப் பேசத் தேர்ந்தெடுக்கப்படும் காவலர். நம் பாஷையில் சொல்வதென்றால் கிட்டத்தட்ட தொழிற்சங்கச் செயலாளர். அந்தப் பதவியே ஒருவகை வேலைநிறுத்தத்தில் பிறந்ததுதான். கடன் கொடுமை தாங்காமல் மக்கள் நகரைவிட்டு வெளியேறி ஒரு குன்றில் போய் உட்கார்ந்துகொண்டார்களாம். கி.மு. 494 என்று ரோமர்கள் கணக்குச் சொல்வார்கள். திரும்பி வர அவர்கள் பெற்ற விலைதான் இந்தப் பதவி. டிரிபியூனின் மேல் கைவைத்தவன் சாபத்துக்குரியவன் என்பது சட்டம்.

டைபீரியஸ் கொண்டுவந்த சட்டம் எளிமையானது. ஒருவர் பொது நிலத்தில் ஏறக்குறைய முந்நூறு ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம், மிச்சம் ஏழைகளுக்கு. தடுத்தது யார்? எதிரிகள் அல்லர். அவரோடு டிரிபியூனாக இருந்த நண்பர் ஆக்டேவியஸ். ஒரு டிரிபியூன் வேண்டாம் என்றால் சட்டம் நின்றுவிடும். டைபீரியஸ் கெஞ்சிப் பார்த்தார், ஆக்டேவியஸுக்கு ஏற்படும் நஷ்டத்தைத் தம் பணத்திலிருந்தே ஈடுசெய்வதாகவும் சொன்னார். நடக்கவில்லை. கடைசியில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி அவரைப் பதவியிலிருந்து இறக்கினார். இதில் யார் துரோகி? சக காவலனைக் கைவிட்ட ஆக்டேவியஸா, நட்பையும் மரபையும் மீறிய டைபீரியஸா? மறுபடியும் பதவிக்குப் போட்டியிட்டபோது டைபீரியஸுக்கு மன்னராகும் ஆசை என்று கிளப்பிவிட்டார்கள். செனட்டர்கள் பெஞ்சுகளை உடைத்து, அந்தக் கால்களைத் தடியாக எடுத்துக்கொண்டு வந்தார்கள். தலைமை தாங்கியவர் அவருடைய பெரியம்மா மகன். டைபீரியஸும் முந்நூறுக்கு மேற்பட்டோரும் அடித்தே கொல்லப்பட்டு, டைபர் நதியில் வீசப்பட்டார்கள்.

தம்பி கேயஸ் பத்தாண்டு கழித்து அதே வேலையைத் தொட்டார். இந்த முறை செனட் தடி எடுக்கவில்லை, முதலில் மூளையைப் பயன்படுத்தியது. டுருசஸ் என்ற இன்னொரு டிரிபியூனை விட்டு, கேயஸ் ஒன்று தருகிறேன் என்றால் அவர் ஐந்து தருகிறேன் என்று பேச வைத்தது. பன்னிரண்டு குடியேற்றங்கள், ஒவ்வொன்றிலும் மூவாயிரம் பேர் என்றார் டுருசஸ். மக்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். கேயஸ் தனிமைப்பட்டார். கி.மு. 121இல் அவர் உயிரும் போனது. அவர் தலைக்கு எடைக்கு எடை தங்கம் என்று அறிவித்திருந்தார்கள். தலையைக் கொண்டுவந்தவன் மூளையை எடுத்துவிட்டு ஈயத்தை உருக்கி ஊற்றியிருந்தான் என்று புளூட்டார்க் எழுதுகிறார். துரோகத்திலும் கலப்படம்! டுருசஸ் சொன்ன பன்னிரண்டு குடியேற்றங்கள் பேச்சோடு நின்றன. ஏழைகளுக்குக் கிடைத்த துண்டு நிலங்களையும் விற்கலாம் என்று பிறகு சட்டம் வந்தது. பழைய முதலாளிகள் வாங்கிக்கொண்டார்கள்.

நம் காட்டில்

இனி நம் காட்டுக்கு வருகிறேன். ரோமில் நிலம் கேட்டார்கள். இங்கே முதலில் கேட்டது மரியாதை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும், கள்ளுக்கடை வேண்டாம், துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற கொடுமை ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். தலைமை தாங்கிய பத்திரிகையாளர் ஆர்.எச். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். படை வந்தது. தொழிலாளர் ஐவர் சுட்டுக்கொல்லப்பட்டனர்.

போர் வந்து போனது. சயாம் மரண ரயில் எத்தனையோ பேரைத் தின்றது. மிஞ்சியவர்களிடமிருந்து சங்கங்கள் பிறந்தன. 1946இல் நம் மாநிலத்தில் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. அதை உருவாக்கிய பி.பி. நாராயணனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கேரளத்தில் பிறந்தவர், தோட்டத் தமிழர்களுக்காகப் பேச வந்தார். அதே காலத்தில் அகில மலாயா தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக உயர்ந்தவர் தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த எஸ்.ஏ. கணபதி, இந்தியத் தேசிய இராணுவத்தில் இருந்தவர். கணபதியின் கூட்டமைப்பு கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து நின்றது. நாராயணன் அந்தப் பாதையை விட்டு விலகி நின்றார்.

1948 ஜூனில் கூட்டமைப்பு தடைசெய்யப்பட்டது. அதே மாதம் அவசரகாலமும் வந்தது. 1949 மார்ச்சில் ரவாங் பக்கத்தில் துப்பாக்கியோடு கணபதி பிடிபட்டார். கண்டெடுத்ததைப் போலீசில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தேன் என்பது அவர் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்திய அரசு கேட்டுப் பார்த்தும் பயனில்லை. 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவருடைய தோழர் வீரசேனனும் அதே நாட்களில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவசரகாலத்தில் துப்பாக்கி வைத்திருந்ததாகத் தூக்குத் தண்டனை பெற்ற சாம்பசிவம் என்ற இன்னொருவர் லண்டன் பிரிவி கவுன்சில்வரை முறையிட்டு 1950இல் தப்பினார். கணபதிக்கு இரண்டு மாத அவகாசமே இருந்தது.

நாராயணன் வெள்ளையர் அரசு ஏற்றுக்கொண்ட வழியில் நடந்தார். மலாயா தொழிற்சங்கப் பேரவையின் முதல் தலைவரானார். 1954இல் பல சங்கங்களை ஒன்றாக்கித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைத்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சந்தா கட்டிய சங்கம் அது. 1975 முதல் 1992 வரை உலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்கே தலைவராக இருந்தார். 1996இல் மறையும்வரை தோட்டச் சங்கத்தின் பொதுச்செயலாளர்.

ஒரு தரப்பு சொல்லும்: கணபதி கயிற்றில் தொங்கியபோது நாராயணன் பதவி நாற்காலியில் உட்கார்ந்தார். மறு தரப்பு சொல்லும்: கணபதி வழியில் போயிருந்தால் தோட்டத்துக்கு ஒரு சங்கமும் மிஞ்சியிருக்காது; முள்வேலிக்குள் அடைபட்ட லயத்து மக்களுக்காகத் துரைமாரோடு மேசையில் உட்கார்ந்து பேச யார் இருந்தார்கள்? தேநீர்க்கடையில் இந்த விவாதம் இன்னும் நடக்கிறது. பெயர்களை மாற்றினால் கும்பகர்ணன் வழக்குதான்.

என் தாத்தா இந்த விவாதத்தில் கலந்துகொள்ளமாட்டார். 1949இல் அவருக்குப் பத்தொன்பது வயது, பகாவ் பக்கம் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். கணபதியைத் தூக்கிலிட்ட செய்தி வந்த அன்று பெரட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை என்று மட்டும் சொல்வார். பிறகு அவரே நாராயணன் சங்கத்தில் தோட்டக் கிளைச் செயலாளராகப் பல ஆண்டு இருந்தார். அவர் இறந்தபின் பெட்டியைத் திறந்தபோது சங்க உறுப்பினர் அட்டை பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தது. அட்டைக்குப் பின்னால், மடித்து மடித்துக் கிழிந்துபோன பத்திரிகைத் துண்டு ஒன்று. கணபதியின் படம்.

அவர் கணக்கில் கேள்வி வேறு. கூலி ஏறியதா? ரப்பர் விலையோடு கூலியைக் கட்டிய ஒப்பந்தங்கள் இருந்தன. விலை விழுந்தால் அடுப்பும் விழும். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை. மாதச் சம்பளம் வேண்டும் என்று சங்கம் பல ஆண்டு கேட்டுக்கொண்டே இருந்தது. தீபகற்ப மலேசியாவுக்குச் சட்டப்படி 900 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரியில். தாத்தா அதைப் பார்க்கவில்லை.

நிலத்தின் கதை அதைவிடக் கடினம். 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி விற்றார்கள். வேலையும் போனது, வீடும் போனது. அப்போது துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். பின்னாளில், 1973இல், அவர் மஇகா தலைமையைவிட்டு எப்படி இறங்க வேண்டிவந்தது என்பது தனியாக ஓர் அரங்கம் நடத்தவேண்டிய கதை. அதில் புரூட்டஸ்கள் யார் என்று இன்றைக்கும் அடித்துக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கூட்டுறவுச் சங்கம் நின்றது, பத்து வெள்ளி கட்டியவனின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது.

நம் மாநிலத்தில் தொழிற்சங்கமும் ஒரு முயற்சி செய்தது. பகாவ் அருகே ஜெம்போலில் கெட்கோ என்ற தன் நிறுவனத்தின் மூலம் கரும்பு நிலத் திட்டம். வாழ்நாள் முழுக்கப் பிறர் மரத்தை வெட்டியவன் சொந்த நிலத்தில் நிற்க வேண்டும் என்ற ஆசை. கெட்ட எண்ணத்தோடு தொடங்கிய திட்டம் என்று நான் சொல்லமாட்டேன். சேமிப்பைக் கட்டிக் குடும்பத்தோடு போய்க் குடியேறினார்கள். கரும்பு கைகொடுக்கவில்லை. நிறுவனம் கடனில் சிக்கியது. நிலம் வேறு கைக்குப் போனது. குடியேறியவர்கள் தங்கள் பங்குக்காகப் பல ஆண்டுகள் போராட்டம், நீதிமன்றம் என்று அலைந்தார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் ஜெம்போலில் இன்றும் பெரியவர்களின் முகம் மாறும். இதில் யாரும் யாரையும் குத்தவில்லை. கத்தி இல்லை, ரத்தம் இல்லை, நாடகம் எழுத ஒன்றும் இல்லை. ஷேக்ஸ்பியர் அந்த ஊருக்கு வந்திருந்தால் சீக்கிரம் பஸ் ஏறியிருப்பார்.

ஆண்டனி உயிலைக் குறைக்கச் சொன்ன காட்சியை எழுதும்போது எனக்கு ஏன் ஜெம்போல் நினைவுக்கு வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே குற்றம் இல்லை. ஆண்டனி வேண்டுமென்றே குறைத்தான். இங்கே திட்டம் தோற்றது. ஆனால் உயிலை நம்பி அழுதவனுக்கும், திட்டத்தை நம்பிச் சேமிப்பைக் கட்டியவனுக்கும் அந்த வித்தியாசம் எவ்வளவு உதவும்? தலைவர்களுக்குள் யார் யாரைக் கவிழ்த்தார்கள் என்று பேசத்தான் நாம் கூட்டம் சேர்கிறோம். கேயஸ் செத்தபின் அந்தப் பன்னிரண்டு குடியேற்றங்களுக்குப் பெயர் கொடுத்தவர்கள் வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போனார்கள் என்று புளூட்டார்க்கும் எழுதவில்லை. நானும் அன்று அரங்கில் கேட்கவில்லை.

எழுதுவதற்கு முன் அந்தப் பாட்டியைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ரந்தாவ் போனேன். தோட்டத்தைவிட்டு வெளியேறி இப்போது மகன் வீட்டில், தாமானில் இருக்கிறார். வெட்டுக்கத்தி பிடித்த விரல்கள் இன்னும் நிமிரவில்லை. சீசர் உயிலில் முந்நூறு காசு எழுதிய கதையைச் சொன்னேன். "குடுத்தாங்களா?" என்றார் உடனே. ஒருவன் குறைக்கப் பார்த்தான், இன்னொருவன் தன் சொத்தை விற்றுக் கொடுத்தான் என்றேன். "குடுத்தவன் என்ன ஆனான்?" ராஜா ஆகிவிட்டான் பாட்டி, நாற்பது வருஷத்துக்கு மேல் ஆண்டான். "பாரு, கணக்குத் தெரிஞ்சவன்!" என்று சிரித்தார். கணபதியைக் கேட்டேன். பேர் தெரியும், அப்பா சொல்லுவார் என்றார். நாராயணனைக் கேட்டேன். ஒருமுறை தோட்டத்துக்கு வந்தபோது மாலை கட்டிக் கொடுத்தது தான்தான் என்றார். இருவரில் யார் நல்லவர் என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

கிளம்பும்போது, "நான் கேட்டத டிவியில போட்டியாம்மா?" என்றார்.

"இல்ல பாட்டி. நேரம் பத்தல."

"சரி, பேப்பர்லயாவது போடு."